வெள்ளமும் சந்தேகமும்

"பூமி சூடாகிறதாம், மனிதன்தான் காரணமாம்! கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வருவது இன்று நேற்றா?"

திருவாலங்காட்டுப் பக்கத்து டீக்கடைகளில் இப்படிக் கேட்பவர்கள் உண்டு. அவர்களைக் கேலி செய்வதற்கில்லை. அவர்கள் கையில் ஓர் ஆதாரமும் இருக்கிறது. அதைக் கொடுத்தவர்கள் விஞ்ஞானிகளே!

2015 டிசம்பர் 1-ந் தேதி மழையை யார் மறப்பார்கள்? தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. சென்னை மிதந்தது. அந்த மழையை நெதர்லாந்து, இங்கிலாந்து விஞ்ஞானிகளும் டில்லி ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த அச்சுதராவும் ஆராய்ந்தார்கள். அதன் முடிவு 2016-ல் அமெரிக்க வானிலைச் சங்கத்தின் ஏட்டில் வெளிவந்தது. பூமியின் உஷ்ணம் கூடியதால் இத்தகைய மழை அதிகமானதாகத் தடயம் கிடைக்கவில்லை என்று ஒளிக்காமல் எழுதினார்கள்.

"பார்த்தீர்களா, எல்லாம் புரளி!" என்று துள்ளத் தோன்றும். ஆனால் கட்டுரை அதோடு முடியவில்லை.

சென்னைக் கரையை அடுத்த வங்கக் கடல் மற்றக் கடல்களைப் போல் சூடேறவில்லை. ஏன்? காற்றில் மிதக்கும் புகையும் தூசியும் காரணமாயிருக்கலாம் என்கிறார்கள் அவர்கள். நிலக்கரி எரிந்தால் இரண்டு பொருள்கள் வெளிவருகின்றன. ஒன்று கந்தகப் புகை. அது வெயிலைத் திருப்பி அனுப்பிப் பூமிக்குக் குடை பிடிக்கிறது. சில நாட்களில் மழையோடு இறங்கிவிடும். மற்றொன்று கரியமில வாயு. அது உஷ்ணத்தைப் பிடித்து வைக்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் போகாது. ஆக, சூடு இல்லாமற் போகவில்லை. புகைத் திரைக்குப் பின்னால் நிற்கிறது.

இல்லை என்ற இடத்தில் இல்லை என்றவர்கள்தான், உலகம் முழுவதையும் அளந்து பார்த்து, உண்டு என்கிறார்கள். முதல் பேச்சை நம்புவேன், இரண்டாவதை நம்பமாட்டேன் என்பது எந்த ஊர் நியாயம்?

சூரியன்தான் காரணம் என்ற வாதத்தையும் அவர்கள் தள்ளிவிடவில்லை; சோதித்தார்கள். சூரியனால் என்றால் வானத்தின் மேல்தட்டும் சூடேற வேண்டும். அங்கே குளிர்ந்திருக்கிறது! கீழே மட்டும் சூடு. காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. 2021-ல் ஐ.நா. விஞ்ஞானிகள் குழு மனிதனே காரணம் என்று ஐயத்துக்கு இடமின்றிச் சொன்னது.

எண்ணூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் புகை குறைய வேண்டும் என்பதில் இரண்டு அபிப்பிராயம் இல்லை. மூச்சு விடுகிற ஜனங்கள் அங்கே இருக்கிறார்கள். ஆனால் திரை விலகினால் மறைந்திருக்கும் சூடு வெளிப்படும். சூடான கடல் அதிக ஈரத்தை மேலே அனுப்பும். 2015-ல் பூண்டியிலிருந்து திறந்துவிட்ட வெள்ளத்தைத் தாங்கிய அதே கொசஸ்தலைக் கரைகள்தான் அன்றைக்கும் தாங்கியாக வேண்டும். தூர்ந்த ஏரிகளையும் அடைபட்ட வரத்துக் கால்வாய்களையும் சீர் செய்யும் வேலையை அதற்கு முன்பே சர்க்கார் முடிக்கட்டும்.