துருவுக்கு வயது தெரியாது



புதுவைக் கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்குச் சற்றுத் தள்ளி, பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம் இருக்கிறது. 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில் பிரான்சுக்காகப் போரிட்டு மாண்ட பிரெஞ்சிந்திய வீரர்களின் நினைவாக எழுப்பப்பட்டு, 1938-இல் திறந்து வைக்கப்பட்டது. பட்டாளத்தில் இருந்தவரைச் 'சொல்தா' என்று பெருமையோடு சொல்லும் குடும்பங்கள் இந்த ஊரில் இன்னும் உண்டு. ஆகவே பழைய போர்ப் பொருள்களை விரும்பி வாங்குவோர் இங்கே இருக்கிறார்கள். வாங்க ஆள் இருந்தால் விற்கவும் ஆள் இருக்குமல்லவா? அசல் அரிதாகிப்போனால், நகலை அசல் என்று சொல்லி விற்கவும் ஆள் வருவது இயல்புதான்.

சென்ற ஆண்டு, எங்கள் தெருவில் பத்தாம் வகுப்புப் படிக்கும் மாணவன் ஒருவன், துருப்பிடித்த இரும்புத் தொப்பி ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். பழம்பொருள் விற்கும் ஒருவரிடம், இரண்டு ஆண்டுச் சேமிப்பைக் கொடுத்து வாங்கியிருக்கிறான்.

"சார், இது முதல் உலகப் போரில் பிரெஞ்சு சிப்பாய்கள் போட்டுக்கொண்ட தொப்பி. எங்கள் ஆயாவோட தாத்தா 1916-இல் அந்தச் சண்டைக்குப் போனவர். பள்ளிக் கண்காட்சியில் வைக்கப்போகிறேன்" என்றான். விளக்க அட்டையைக்கூட எழுதி வைத்திருந்தான்: 'எங்கள் பாட்டனார் அணிந்த தலைக்கவசம், 1916.'

"தம்பி, இது அவருடையதுதானா?" என்று கேட்டேன்.

"இல்லை சார். ஆனால் இதே மாதிரிதான் அவரும் போட்டிருப்பார்."

அவன் பொய் சொல்லும் பிள்ளை அல்ல. ஆனாலும் அந்த அட்டையில் ஒரு பொய் ஏறிவிட்டது, பார்த்தீர்களா? விற்றவர் பாதிக் கதை சொன்னார். மீதிக் கதையை வாங்கியவனின் ஆசை எழுதிக்கொண்டது. அதனால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். என் கருத்து இதுதான்: பழம்பொருளைக் கையில் எடுத்ததும் "இது அசல் என்று எப்படி நிரூபிப்பது?" என்று கேட்காதீர்கள். "இது போலியாக இருந்தால் எந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும்?" என்று கேளுங்கள். முதல் கேள்வி நம் ஆசைக்குத் துணை போகும். இரண்டாவது கேள்விதான் விஞ்ஞானத்தின் கேள்வி.

துரு நல்ல சாட்சி அல்ல

"எவ்வளவு துரு பாருங்கள் சார்! நூறு வருஷம் இருக்காதா?" என்றான் மாணவன். உங்கள் சைக்கிளைக் கடற்கரையோரத் தெருவில் ஒரு மழைக்காலம் முழுவதும் நிறுத்திப் பாருங்கள். கடற்காற்றில் உள்ள உப்பு, ஈரத்துடன் சேர்ந்து இரும்பை எவ்வளவு விரைவில் அரிக்கும் என்பது புதுவைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு புதிய ஆணியை உப்புநீரில் நனைத்த துணியில் சுற்றி வைத்தால், ஒரு வாரத்தில் அது 'பழம்பொருள்' ஆகிவிடும்! நகல் செய்து ஏமாற்றுபவர்கள் இதையேதான் செய்கிறார்கள்: உப்புநீர், அமிலம், ஈர மண். துருவின் அளவு அந்த இரும்பு பட்ட ஈரத்தையும் உப்பையும் காட்டுமே தவிர, அதன் வயதைக் காட்டாது.

ஆனால் துரு இருக்கும் இடம் ஓரளவு செய்தி சொல்லும். பயன்பட்ட பொருள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. கை பிடிக்கும் விளிம்பும், வார் உரசும் இடமும் அதிகம் தேயும். வண்ணம் உரிந்த இடத்தில் துரு தொடங்கி மெல்லப் பரவும். உள்ளும் புறமும், தோலுக்கு அடியிலும், பூசியது போல ஒரே சீராகத் துரு இருந்தால் ஐயப்படுங்கள். மாணவனின் தொப்பி அப்படித்தான் இருந்தது.

ஒரே காந்தம், இரண்டு பதில்கள்

அடுத்துக் காந்தத்தை வைத்துப் பார்த்தோம், சட்டென்று ஒட்டிக்கொண்டது. "இரும்புதான் சார்!" என்று மகிழ்ந்தான். இரும்புதான், ஆனால் அதற்கு மேல் இந்தச் சோதனை எதைச் சொல்கிறது?

அந்தப் போரில் பிரெஞ்சுப் படை 1915 முதல் அணிந்தது, அகுஸ்த்-லூயி அத்ரியான் என்ற இராணுவ அதிகாரி வடிவமைத்த தொப்பி. அது சாதாரண மெல்லெஃகினால் ஆனது. காந்தம் அதை ஈர்க்கும். அதே 1915-இல் பிரிட்டிஷ் படைக்கு ஜான் பிராடி என்பவர் தட்டைக் கவிழ்த்தது போன்ற ஒரு தொப்பியை வடிவமைத்தார். தொடக்கத்தில் சில மெல்லெஃகில் செய்யப்பட்டன. விரைவிலேயே மாங்கனீசு எஃகுக்கு மாறினார்கள். ராபர்ட் ஹாட்ஃபீல்டு 1882-இல் கண்டுபிடித்த இந்த எஃகைக் காந்தம் ஈர்ப்பதில்லை!

இரும்பு எப்படிக் காந்தத்துக்குப் பிடி கொடுக்காமல் போகும்? சாதாரண இரும்பில் அணுக்கள் ஒரு கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும் அதன் மையத்திலும் அமைந்திருக்கும். 912 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேற்றினால் அடுக்கு மாறி, மூலைகளிலும் ஒவ்வொரு முகத்தின் நடுவிலும் அமையும். இந்த இரண்டாவது அடுக்கைக் காந்தம் கவராது. ஆறும்போது இரும்பு பழைய அடுக்குக்கே திரும்பிவிடும். ஆனால் சுமார் 12 சதவீதம் மாங்கனீசும் தக்க அளவு கரியும் சேர்த்து வேகமாகக் குளிரவைத்தால், இரண்டாவது அடுக்கே நிலைத்துவிடுகிறது. அடிபட அடிபட இன்னும் கடினமாவது இந்த எஃகின் மற்றொரு குணம். தலையைக் காக்க இதைவிட என்ன வேண்டும்?

ஆகவே பிராடி தொப்பி என்று சொல்லி விற்கப்படுவதன் உச்சியில் காந்தம் பலமாக ஒட்டினால், ஐயப்பட வேண்டும். விளிம்பில் மட்டும் ஒட்டினால் ஐயப்பட வேண்டாம். பின்னாளில் விளிம்பில் மெல்லெஃகு வளையம் பொருத்தினார்கள். அத்ரியான் தொப்பி என்பதிலோ, காந்தம் ஒட்டாவிட்டால்தான் ஐயம். ஒரே சோதனை, எதிரெதிரான பொருள்! சோதனையைச் செய்தால் போதாது. எந்தக் கூற்றைச் சோதிக்கிறோம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மாணவனின் தொப்பி இந்தத் தேர்வில் தேறியது. ஆனால் நேற்றுச் செய்த இரும்புச் சட்டியும் இதே தேர்வில் தேறிவிடும் அல்லவா?

தராசும் வரைபடத் தாளும்

பிறகு எடை பார்த்தோம். அத்ரியான் தொப்பி சுமார் முக்கால் கிலோ இருக்கும். தகட்டின் கனம் ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர். மாணவனின் தொப்பியோ, உள்தோலைக் கழற்றிய பிறகும் ஒரு கிலோ இருந்தது.

கனத்தை எப்படி அளப்பது? செய்தித்தாளைச் சிறு துண்டுகளாகக் கிழித்துத் தொப்பியின் வெளிப்புறம் முழுவதும் ஒட்டி, பின் எடுத்து வரைபடத் தாளில் பரப்பிச் சதுரங்களை எண்ணினோம். சுமார் 1200 சதுர சென்டிமீட்டர் வந்தது. எஃகின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.8 கிராம். 1000 கிராமை 7.8-ஆல் வகுத்தால் 128 கன சென்டிமீட்டர். அதை 1200-ஆல் வகுத்தால் சுமார் 0.107 சென்டிமீட்டர். அதாவது ஏறக்குறைய 1.1 மில்லிமீட்டர். எங்கள் பரப்பளவில் பத்து சதவீதம் பிழை இருந்தாலும், 0.7 எங்கே, 1.1 எங்கே!

அடுத்தது அமைப்பு. 1915-ஆம் ஆண்டு மாதிரியில் மண்டைப் பகுதி தனி. முன் விளிம்பும் பின் விளிம்பும் தனித்தனியே செய்து இணைக்கப்பட்டவை. இணைப்புக் கோடு கண்ணுக்குத் தெரியும். உச்சியில் உள்ள கொண்டை போன்ற தகடு தறையாணிகளால் பொருத்தப்பட்டிருக்கும். உள்ளே, தோலுக்கும் எஃகுக்கும் நடுவே காற்றோட்டத்துக்காக நெளிவான அலுமினியத் தகடுகள் இருக்கும். 1926-இல் வந்த மாதிரியில்தான் மண்டையும் விளிம்பும் ஒரே தகட்டில் அழுத்தி எடுக்கப்பட்டன. மாணவனின் தொப்பியில் இணைப்புக் கோடே இல்லை! ஆகவே அது மிக நல்ல அசலாகவே இருந்தாலும், 1926-க்கு முன் பிறந்திருக்க முடியாது. 1916-இல் அதை யார் அணிந்திருப்பார்கள்?

நூல் சொன்ன செய்தி

கடைசியாக, ரூபாய் நோட்டைச் சோதிக்கும் புற ஊதா விளக்கை இருட்டறையில் உள்தோலின் மேல் காட்டினோம். (அந்த ஒளியைக் கண்ணில் படவிடாதீர்கள்.) தையல் நூல் பளிச்சென்று நீலவெண்மையாக ஒளிர்ந்தது. துணிகளுக்கு வெண்மை கூட்டும் ஒளிர்பொருள்கள் பரவலானது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். ஆனால் இங்கும் அவசரம் கூடாது. பழைய நூலை இன்றைய சலவைத் தூளில் துவைத்தாலும் ஒளிரும். ஆகவே தொங்கிக்கொண்டிருந்த நூல்நுனி ஒன்றை வெட்டி, இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டினோம். (பெரியவர் துணையின்றி இதைச் செய்யக் கூடாது.) பருத்தி எரிந்தால் மெல்லிய சாம்பல்தான் மிஞ்சும். இதுவோ உருகிச் சுருண்டு கறுப்பு மணி ஆயிற்று. செயற்கை இழை! பாலியெஸ்டர் இழை 1941-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. நைலானும் 1930-களில் பிறந்ததே.

'யாராவது பின்னாளில் பழுது பார்த்துப் புதிதாகத் தைத்திருக்கலாமே?' என்று உங்களில் ஒருவர் கேட்பது என் காதில் விழுகிறது. சபாஷ்! அது சரியான கேள்வி. நூல் மட்டும் சாட்சி சொல்லியிருந்தால் வழக்கு நிற்காது. ஆனால் சீரான துரு, மிகை எடை, இல்லாத இணைப்புக் கோடு, செயற்கை நூல் ஆகிய நான்கும் ஒன்றையொன்று சாராத சாட்சிகள். நான்கும் ஒரே பக்கம் கை காட்டும்போது, அது நகல் என்று நாம் துணிந்து சொல்லலாம்.

பெரிய ஆய்வுக்கூடங்களில் இதைவிட நுட்பமான முறைகளும் உண்டு. 1950-களிலும் 1960-களின் தொடக்கத்திலும் வெடிக்கப்பட்ட அணுகுண்டுகளால், காற்றில் இருந்த கரி-14 ஏறத்தாழ இரு மடங்கானது. அதன்பின் வளர்ந்த மாட்டின் தோலில் அந்த மிகை கரி-14 சேர்ந்திருக்கும். முதல் உலகப் போர்க் காலத்துத் தோலில் அது இருக்க வழியே இல்லை. கருவி பெரிதானாலும் கேள்வி அதேதான்: பொய்யாக இருந்தால் எங்கே மாட்டும்?

எல்லாச் சோதனையிலும் தேறிவிட்டால்? அப்போதும் 'இதுவரை பொய் எதுவும் அகப்படவில்லை' என்றுதான் சொல்ல வேண்டும். இன்னார் அணிந்தார் என்று எந்தக் காந்தமும் சொல்லாது.

தகரப் பெட்டி

மாணவனின் முகம் வாடிவிட்டது. பணம் போனதைவிட, பாட்டனாரே போய்விட்டது போலிருந்தது அவனுக்கு. அவனோடு அவன் வீட்டுக்குப் போய் ஆயாவிடம் விவரத்தைச் சொன்னேன். அந்த அம்மாள், "தொப்பி எதுக்குப்பா? தாத்தாவோட பட்டாளத்துப் புஸ்தகம் பரணையில கிடக்குதே" என்றார். தகரப் பெட்டியை இறக்கினோம். பிரெஞ்சில் 'லிவ்ரே மிலித்தேர்' எனப்படும் சிப்பாய்க் கையேடு! பாதிப் பக்கங்களைக் கரையான் தின்றிருந்தது. மீதிப் பக்கங்களில் அவர் பெயர், உயரம், சேர்ந்த நாள், படைப்பிரிவு எல்லாம் மையில் இருந்தன. போலித் தொப்பிக்குச் சேமித்த அந்த இரண்டு ஆண்டுகளிலும் உண்மைச் சான்று தலைக்கு மேலே செல்லரித்துக்கொண்டிருந்திருக்கிறது!

போலிப் பழம்பொருளால் வரும் பெரிய இழப்பு பணம் அல்ல என்று நான் சொல்வது இதனால்தான். பொய்க் கதை இடத்தைப் பிடித்துக்கொண்டால், மெய்க் கதையை யாரும் தேடுவதில்லை. உண்மையிலேயே கடல் கடந்து போன மனிதருக்கு நாம் செய்யும் மரியாதை அதுவல்ல.

நகல் செய்வதோ வைத்திருப்பதோ குற்றம் என்று எண்ணிவிடாதீர்கள். நாடகத்துக்கும் திரைப்படத்துக்கும் பாடம் நடத்தவும் நகல் வேண்டும். அதன் மேல் 'நகல்' என்று எழுத மறுப்பதுதான் பிழை. மாணவன் தொப்பியைக் கண்காட்சியில் வைக்கத்தான் செய்தான். புதிய அட்டை இப்படி இருந்தது: 'பிரெஞ்சுத் தலைக்கவசத்தின் நகல். நகல் என்று நாங்கள் கண்டறிந்த விதம் கீழே.' பக்கத்தில் கண்ணாடிக்கு அடியில் அந்தக் கையேடு.

நீங்களும் பழம்பொருள் சேர்ப்பவரானால், இவற்றை மனத்தில் வையுங்கள். பழைய பொருளை மணல்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். அழுக்கோடு சான்றும் போய்விடும். தோட்டா, எறிகுண்டு போன்றவை கண்ணில் பட்டால் தொடாமல் காவல் துறைக்குச் சொல்லுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு குறிப்பேட்டில் எங்கே, எப்போது, யாரிடம் பெற்றது, அவர் சொன்னது என்ன, நீங்கள் சோதித்து அறிந்தது என்ன என்று எழுதுங்கள். கடைசி இரண்டையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், இன்று மாலையே உங்கள் வீட்டுப் பெரியவரிடம் போய், பரணில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்!