மாத்திரையின் விலை

விடியற்காலையில் ஒருநாள் கோரிமேட்டு ஜிப்மர் வாயிலில் நின்று பாருங்கள். 1823இல் பிரெஞ்சுக்காரன் காலத்தில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஆஸ்பத்திரி அது. கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் முதல் பஸ்ஸில் வந்து இறங்குவோர் யார்? பண்ணையாரா? ஆலை முதலாளியா? கொத்தனார், கரும்பு வெட்டுகிறவர், மீனவர்!

அந்தக் கொத்தனாருக்கு ஜிஸ்ட் என்னும் நோய் என்று வைத்துக்கொள்வோம். மென்திசுப் புற்றுகளில் அரிய வகை அது. இரைப்பையிலோ சிறுகுடலிலோ முளைத்து ஈரலுக்குப் பரவும். பரவியபின் கத்தி மட்டும் போதாது. வழக்கமான புற்றுநோய் மருந்துகளும் அதனிடம் தோற்றன. 2000ஆம் ஆண்டில் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில், ஈரல்வரை நோய் பரவிய ஒரு பெண்ணுக்கு இமாட்டினிப் மாத்திரை கொடுத்தார்கள். கட்டிகள் சுருங்கின! நோய் வேரோடு போகவில்லை. ஆனால் நாள்தோறும் விழுங்கியவரை அடங்கிக் கிடந்தது. மாதக் கணக்கில் எண்ணிய ஆயுளைப் பலர் ஆண்டுக் கணக்கில் எண்ணினார்கள்.

நாள்தோறும் விழுங்க வேண்டுமே! சுவிஸ் நாட்டு நோவார்ட்டிஸ் வைத்த விலை மாதம் சுமார் 1,20,000 ரூபாய். கொத்தனார் எங்கே போவார்? அதே மருந்தை இந்தியக் கம்பெனிகள் எட்டாயிரம், பத்தாயிரத்துக்குத் தந்தன. "பல்லாயிரம் பேருக்கு இலவசமாகவே கொடுக்கிறோமே" என்றது நோவார்ட்டிஸ். கொடுத்தது, நாம் மறுக்கவில்லை. ஆனால் தருமமாக வருவது, கொடுப்பவன் மனம் மாறினால் நின்றுவிடும் அல்லவா?

அந்த மருந்தின் ஒரு படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டார்கள். 2006இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. சட்டமே செல்லாது என்று தொடுத்த வழக்கு 2007இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் தோற்றது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் கைவிரித்தது. காரணம், 2005இல் திருத்திய காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு. தெரிந்த மருந்தின் குணம் கூடாமல் உருவத்தை மட்டும் மாற்றினால் அது புதுக் கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது அப்பிரிவு. பழைய கள்ளுக்குப் புதுமொந்தை காட்டிக் காசு பறிக்காதே என்பதுதானே பொருள்!

தொடையிலும் கையிலும் தோன்றி நுரையீரலுக்குப் பரவும் மற்ற மென்திசுப் புற்றுகள் பலவற்றுக்கு இப்படியொரு மாத்திரை இன்னும் வாய்க்கவில்லை. பழைய டாக்சோரூபிசின் ஊசியே அங்கு முதல் துணை. நாளை புதுமருந்து வரும். அன்று அதன் விலை என்ன? வெளிநாட்டு வணிக ஒப்பந்தம் பேசப் போகும் அமைச்சர் எவராயினும், 3(டி)மேல் கைவைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போகட்டும். ஓட்டுக் கேட்டு வீதிக்கு வரும்போது அதைக் கேளுங்கள்!