எண்ணாமல் வாங்கும் எண்ணெய்ப் பங்கு

தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் முப்பதாண்டுப் பணிக்குப்பின் ஓய்வு பெறுகிறார். பணிக்கொடை கைக்கு வருகிறது. அச்செய்தி ஊருக்குத் தெரியுமுன்பே அறிவுரை கூறுவோர் வந்து சேர்கின்றனர். “ஐயா, எண்ணெய் விலை ஏறுகிறது. எண்ணெய் நிறுவனப் பங்கை வாங்குங்கள். நாட்டுக்கே சோறு போடுவது எண்ணெய். அது எப்படி வீழும்?” என்கிறார் நண்பர். ஆசிரியரும் சிந்திக்கத் தொடங்குகிறார். எத்தனை பங்கு வாங்கலாம் என்று சிந்திக்கிறார். எதை வாங்குகிறோம் என்று சிந்திப்பதில்லை. நோய் அங்கேதான் தோன்றுகிறது.

‘எண்ணெய் நிறுவனம்’ என்னும் சொல்லே மயக்கம் தருவது. 1974இல் அமைக்கப்பட்ட பெட்ரோனாஸ் முழுவதும் அரசுக்கு உரியது. அதன் பங்கைச் சந்தையில் எவரும் வாங்க இயலாது. சந்தையில் கிடைப்பவை அதன் துணை நிறுவனங்களின் பங்குகளே. அவற்றின் தொழிலும் ஒன்றன்று. பெட்ரோனாஸ் கேஸ் எரிவாயுவைப் பதப்படுத்திக் குழாய்வழி அனுப்பிக் கட்டணம் பெறுகிறது. பெட்ரோனாஸ் டகாங்கான் நிலையங்கள்வழி எண்ணெய் விற்கிறது. பெட்ரோனாசைச் சாராத வேறு பல நிறுவனங்கள் கடலில் மேடை அமைத்தும் கிணறு தோண்டியும் குத்தகைத் தொழில் செய்கின்றன. எண்ணெய் விலை ஏறினால் இவை யாவும் ஒருசேரக் கொழிக்கும் என்பது, மழை பெய்தால் உழவனும் உப்பு விளைப்பவனும் ஒன்றாக மகிழ்வர் என்பதைப் போன்றது.

‘எண்ணெய் வீழாது’ என்போர் அண்மை வரலாற்றையேனும் படித்தல் வேண்டும். 2014ஆம் ஆண்டின் நடுவில் பீப்பாய் 110 டாலருக்கு மேல் விற்ற கச்சா எண்ணெய், 2016 சனவரியில் 30 டாலருக்கும் கீழே இறங்கியது. 2020 ஏப்ரல் 20ஆம் நாள் அமெரிக்கச் சந்தையில் மே மாத ஒப்பந்த விலை சுழியத்துக்கும் கீழே சென்றது; பொருளைத் தந்தவரே பணமும் தரவேண்டிய விந்தை நிகழ்ந்தது. 2022இல் உக்ரேன் போர் மூண்டதும் விலை 120 டாலரைத் தாண்டியது.

விலை ஏறினால் மட்டும் பங்கு ஏறிவிடுமா? பின்னாளில் சபுரா எனர்ஜி எனப் பெயர் பெற்ற நிறுவனம், 2012இல் இரு நிறுவனங்களின் இணைப்பால் பிறந்தது. 2013ஆம் ஆண்டின் இறுதியில் அதன் பங்கொன்று நான்கு வெள்ளிக்கு மேல் விலைபோயிற்று. கடன் வாங்கி வளர்ந்த நிறுவனம் அது. எண்ணெய் விலை சரிந்தபோது குத்தகை குறைந்தது. கடன் அவ்வளவில் குறையவில்லை. 2022இல் அது நிதி நெருக்கடிக்குள்ளான நிறுவனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பங்கு விலையோ 10 காசுக்கும் கீழே கிடந்தது. எண்ணெய் 120 டாலரைத் தாண்டியதும் அதே ஆண்டில்தான்! எண்ணெயை மட்டும் பார்த்து, கடனைப் பாராதவரின் சேமிப்பு என்னவாயிற்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

‘அப்படியாயின் பங்கே வேண்டா, அது சூது’ என்பர் மற்றொரு சாரார். அவர்கள் நெஞ்சில் ஆறாத புண் ஒன்று உண்டு. 1982இல் தோன்றிய மைக்கா ஹோல்டிங்சில் இந்தியச் சமுதாயத்தினர் 60,000 பேருக்கு மேல் பணம் போட்டனர். நகையை அடகு வைத்துத் தந்த தோட்டத் தொழிலாளரும் அவர்களுள் இருந்தனர். 2010இல் ஒரு வெள்ளிப் பங்குக்கு 80 காசு தர ஒருவர் முன்வந்தார். ஏறத்தாழ முப்பதாண்டுக் காத்திருப்பின் பயன் அதுவே. அவ்வேதனை மெய்; அதிலிருந்து சமுதாயம் பெற்ற பாடம் பொய். பங்கு தீது என்று அது முடிவு கட்டியது. கணக்குக் கேளாமல் பணம் தருவதே தீது என்று உணரவில்லை. கணக்குக் கேட்கும் கல்வி அத்தொழிலாளருக்கு வாய்க்கவில்லை. ஆசிரியருக்கு அந்தச் சமாதானம் பொருந்துமா?

பங்குச் சந்தையில் இடம்பெற்ற ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டறிக்கை வெளியிடக் கடமைப்பட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு வினாக்களைக் கேட்டல் வேண்டும். நிறுவனத்தின் வருவாய் எத்தொழிலிலிருந்து வருகிறது? கடன் எவ்வளவு, அதன் வட்டிக்கு இலாபம் போதுமா? எண்ணெய் விலை பாதியாய் இறங்கினால் நிறுவனம் நிற்குமா? போடும் பணம் ஐந்தாண்டுக்குள் மருத்துவத்திற்கோ மகளின் படிப்பிற்கோ தேவைப்படுமா? முதல் மூன்றுக்கும் விடை தெரியாதவர் வாங்கலாகாது. நான்காவதற்கு ‘ஆம்’ என்பவர் விடை தெரிந்தாலும் வாங்கலாகாது. நான்கிலும் தேறியவர், இழந்தாலும் வாழ்வு குலையாத அளவுக்கு வாங்கட்டும். அவரைச் சூதாடி என்று பழிப்பது அறியாமை.

‘தெரிந்து செயல்வகை’ என ஓர் அதிகாரமே வகுத்தவர் வள்ளுவர். அதை வகுப்பறையில் மனப்பாடம் செய்வித்துவிட்டு, சிற்றுண்டிச் சாலையில் காதோடு காதாகக் கேட்ட சொல்லை நம்பி ஆயுட்காலச் சேமிப்பை ஒப்படைப்பது கற்பித்தவருக்கு அழகன்று. ஆசிரியர் ஆண்டறிக்கையைப் படிக்கத் தொடங்கட்டும். மேல்வகுப்பு மாணவருக்கும் அதைப் படித்துக் காட்டட்டும். அடுத்த தலைமுறையின் கையிலிருந்து பணம் வாங்க வருபவன், முதலில் அதன் வினாக்களுக்கு விடை சொல்லட்டும்.