துப்பாக்கிக்கு உரிமம் உண்டு, பூட்டு உண்டா?

புது தில்லி: 2012 டிசம்பரில் தில்லியில் ஓடும் பேருந்தில் இளம்பெண் ஒருவருக்கு இழைக்கப்பட்ட கொடுமை நாட்டையே உலுக்கியது. ஓராண்டு கழிந்து, 2014-இன் தொடக்கத்தில், கான்பூரில் உள்ள அரசு ஆயுதத் தொழிற்சாலை பெண்களுக்கென்றே "நிர்பீக்" என்ற கைத்துப்பாக்கியை அறிமுகம் செய்தது. எடை அரைக் கிலோ. விலை ஏறத்தாழ ரூ. 1.22 லட்சம். நகைப்பெட்டி போன்றதொரு பெட்டியில் வைத்து அது விற்கப்பட்டது. நகைப்பெட்டியில் வந்த துப்பாக்கி வீட்டில் எங்கே வைக்கப்படும்? பீரோவிலா, தலையணைக்கு அடியிலா, கைப்பையிலா? துப்பாக்கி உரிமம் பற்றிய விவாதங்களில் பெரும்பாலும் எழுப்பப்படாத கேள்வி இது.

மத்திய உள்துறை அமைச்சகத்தின் கணக்குப்படி 2016 இறுதியில் நாடு முழுவதும் 33.69 லட்சம் துப்பாக்கி உரிமங்கள் இருந்தன. அவற்றில் 12.77 லட்சம் உத்தரப் பிரதேசத்தில் மட்டும். தமிழகத்தின் பங்கு சுமார் 22,500. வட மாநிலங்களில் துப்பாக்கி என்பது பாதுகாப்புக் கருவி மட்டுமன்று; குடும்பத்தின் அந்தஸ்தைப் பறைசாற்றும் அடையாளமும்கூட. திருமண ஊர்வலங்களில் வானை நோக்கிச் சுடும் வழக்கம் உயிர்களைப் பலிகொண்டதால்தான், அத்தகைய செயலுக்கு இரண்டாண்டு வரை சிறை அல்லது ரூ. 1 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்க 2019-இல் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டது.

அதே திருத்தம், ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. உரிமத்தின் காலத்தை மூன்று ஆண்டுகளிலிருந்து ஐந்தாக உயர்த்தியது. ஆக, யாரிடம் எத்தனை என்பதில் அரசுக்கு அக்கறை இருக்கிறது. வீட்டுக்குள் சென்றபின் அது எப்படி இருக்கிறது என்பதில் அந்த அக்கறை தேய்ந்துவிடுகிறது. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் பாதுகாப்புப் பயிற்சியைப் புகுத்தின; பத்திரமாக வைத்திருப்பது குறித்த உறுதிமொழியையும் கேட்கின்றன. ஆனால், கையெழுத்திட்ட காகிதம் கோப்பில் உறங்க, துப்பாக்கி துணி அடுக்குக்குள் உறங்குகிறது.

மறைத்து வைப்பது வேறு. பாதுகாத்து வைப்பது வேறு. இந்த வேறுபாட்டை உணராததே ஆபத்தின் வேர். பெரியவர்கள் ரகசியம் என்று நம்பும் இடம் வீட்டுக் குழந்தைகளுக்குத் தெரியாமல் இருப்பது அரிது. சேலை மடிப்புக்குள் இருக்கும் பீரோ சாவியை வீட்டுப் பணியாளரும் அறிவார். குடும்பச் சண்டையின் கோப வேகத்திலும், மனம் உடைந்துபோன ஒரு நள்ளிரவிலும் தோட்டா நிரப்பிய துப்பாக்கி கைக்கெட்டும் தொலைவில் இருந்தால், யோசிப்பதற்கு அவகாசமே கிடைக்காது. திருடன் வந்தால் எதிர்ப்பதற்காக வாங்கிய துப்பாக்கி, வீட்டில் ஆள் இல்லாதபோது அதே திருடனின் கைக்குப் போவதும் உண்டு. அன்று முதல் அதுவும் கள்ளத் துப்பாக்கியே.

"திருடன், சாவியைத் தேடும்வரை காத்திருப்பானா?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்த வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 1984 நவம்பரில் தில்லியில் சீக்கியர்களின் ஆயுதங்களைக் காவலர்கள் பறித்துக்கொண்டு அவர்களை வன்முறைக் கும்பலிடம் நிராயுதபாணிகளாக விட்டனர் என்ற குற்றச்சாட்டு விசாரணைக் கமிஷன் வரை சென்றது. 2023 புத்தாண்டு நாளில் ஜம்முவின் ரஜௌரி மாவட்டத்து டாங்ரி கிராமத்தில் பயங்கரவாதிகள் வீடு புகுந்து சுட்டபோது, கிராமப் பாதுகாப்புக் குழுவைச் சேர்ந்த ஒருவர் தமது பழைய துப்பாக்கியால் திருப்பிச் சுட்டதால் அவர்கள் ஓட நேர்ந்தது. அரசின் காவல் எட்டாத இடத்தில் தற்காப்பை நாடுவோரைக் குறைகூற யாருக்கும் உரிமையில்லை.

ஆனால், டாங்ரியின் நிலைமையும் தில்லி அடுக்குமாடிக் குடியிருப்பின் நிலைமையும் ஒன்றல்ல. அமெரிக்காவைப் போலன்றி, ஆயுதம் வைத்திருப்பது இந்திய அரசமைப்புச் சட்டம் வழங்கிய உரிமை அல்ல என்பதை உச்ச நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் சுட்டிக்காட்டியது. தற்காப்பு உரிமையை பாரதிய நியாய சன்ஹிதா ஏற்கிறது. ஆயினும் தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகமான தீங்கு இழைக்க அது இடந்தரவில்லை. சட்டம் அளிக்கும் அந்த அனுமதியில், பூட்டி வைக்கும் கடமையும் அடங்கியிருக்கிறது.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. சுவரில் பொருத்தப்பட்ட இரும்புப் பெட்டகம் இருப்பதை நேரில் பார்த்த பிறகே உரிமம் வழங்கப்பட வேண்டும். துப்பாக்கியில் தோட்டா இருத்தல் கூடாது. தோட்டாக்கள் வேறொரு பூட்டுக்குள் இருக்க வேண்டும். சாவி உரிமதாரரிடம் மட்டுமே இருக்க வேண்டும். நெடுநாள் வெளியூர் செல்வோர் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைத்துச் செல்வது எளிதாக்கப்பட வேண்டும். புதுப்பிக்கும்போது காகிதத்தோடு பெட்டகமும் சோதிக்கப்பட வேண்டும்.

துப்பாக்கிக் கொலைகளில் பெரும்பாலானவை கள்ளத் துப்பாக்கிகளால் நடப்பவை. ஆகவே உரிமதாரர்களை ஏன் தொல்லைப்படுத்த வேண்டும் என்பது வழக்கமான மறுப்பு. கள்ளத் துப்பாக்கிகளைப் பிடிப்பது காவல்துறையின் கடமை. தன் துப்பாக்கி தன் குழந்தையின் கைக்குப் போகாமல் காப்பது உரிமதாரரின் கடமை. முதல் கடமையில் அரசு தவறியது, இரண்டாவதைத் தட்டிக்கழிக்கக் காரணமாகாது. பூட்டத் தயங்குபவருக்கு உரிமம் வழங்க அரசு தயங்குவதே முறை.