ஒருவருக்கு ஒன்றுதான்!



செஞ்சியில் தட்டச்சுப் பயிலகம் நடத்தும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். லோயர், ஹையர் படிக்க வரும் பிள்ளைகள் இப்போது 'கம்ப்யூட்டர் ஆன் ஆபீஸ் ஆட்டோமேஷன்' தேர்வையும் கையோடு முடித்துவிடப் பார்க்கிறார்கள். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தேர்வு அது, டி.என்.பி.எஸ்.சி. வழியாகத் தட்டச்சர் வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்தச் சான்றிதழ் தேவைப்படுகிறது. பயிலகத்தில் இருக்கும் பழைய கம்ப்யூட்டர்களோ மூச்சு வாங்குகின்றன. ஆறு லேப்டாப் வாங்கிவிடலாம் என்று பண்டிகைத் தள்ளுபடிக்குக் காத்திருந்தார். விலை இறங்கிய அன்று ஆறு என்று போட்டால், ஒரு வாடிக்கையாளருக்கு ஒன்றுதான் என்று திரையில் வந்து நின்றுவிட்டது.

"காசு என்னுடையது, சரக்கு அவர்களிடம் இருக்கிறது. கொடுக்கமாட்டேன் என்பது என்ன நியாயம் சார்? மச்சான், மைத்துனி, சித்தப்பா என்று ஆறு பேர் போனில் ஆளுக்கொன்று போட்டுவிடலாமா?" என்று கேட்கிறார்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். பெரிய தளங்கள் கணக்கின் பெயரை மட்டும் பார்ப்பதில்லை. டெலிவரி முகவரி, போன் எண், பணம் கட்டிய கார்டு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க முடியும். ஆறு பேர் வாங்கி ஒரே கதவு எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் ஆர்டரை ரத்து செய்ய அவர்களுடைய விதிமுறையே இடம் கொடுக்கிறது. ரத்தானால் பணம் திரும்பி வரச் சில நாள் ஆகும். அதற்குள் தள்ளுபடி முடிந்து, பழைய விலை நிமிர்ந்து நிற்கும்.

ரத்தாகாமல் வந்து சேர்ந்தாலும் தொல்லை வேறு வழியில் வரும். பில் மைத்துனி பெயரில் இருக்கும். முறையாகக் கணக்கு எழுதி வருமான வரி கட்டுகிறவர், தொழிலுக்கு வாங்கிய கம்ப்யூட்டருக்கு ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானம் காட்டலாம். அடுத்தவர் பெயரில் இருக்கும் பில்லை வைத்து அதைக் காட்ட முடியாது. ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர் என்றால் இழப்பு இன்னும் பெரிது. லேப்டாப்புக்கு வரி 18 சதவீதம். 47,200 ரூபாய்க்கு வாங்கும் லேப்டாப்பில் 7,200 ரூபாய் வரி. ஆறு லேப்டாப்புக்கு 43,200. உங்கள் பதிவு எண்ணோடு பில் இருந்தால் அந்தத் தொகையை நீங்கள் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். மைத்துனி பில்லுக்கு அது கிடையாது. தள்ளுபடியில் மிச்சம் பிடித்ததைவிட விட்டது அதிகமாகிவிடலாம்.

"மாமா, உங்க கார்டைக் கொஞ்சம் கொடுங்களேன்" என்று கேட்பது நம் குடும்பங்களில் பண்டிகைச் சடங்காகவே ஆகிவிட்டது. கொடுக்கும் மாமாவுக்கும் ஒரு வார்த்தை. ஓர் ஆண்டில் உங்கள் கார்டுகளுக்குப் பத்து லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ கட்டினால் வங்கி அதை வருமான வரித் துறைக்குத் தெரிவிக்கவேண்டும். செலவு செய்தது மருமகன் என்று அங்கே எழுதியிருக்காது. தவணை ஒரு மாதம் தவறினாலும் அடி விழுவது உங்கள் கடன் மதிப்பெண்ணுக்குத்தான்.

இனி முதல் கேள்விக்கு வருகிறேன். கடைக்காரன் விற்கத்தானே கடை வைத்திருக்கிறான், ஏன் தடுக்கிறான்?

தள்ளுபடி விலையில் வரும் சரக்கு பெரும்பாலும் எண்ணி ஒதுக்கப்பட்டது. அந்த விலைக் குறைப்பில் ஒரு பங்கைத் தயாரிப்பு நிறுவனமே ஏற்றுக்கொண்டு, இந்த மாடலில் இத்தனை எண்ணிக்கைக்கு மட்டும் என்று கணக்குப் போட்டுத் தருவது உண்டு. வரம்பு இல்லாவிட்டால் அந்தச் சரக்கு போகுமிடம் நமக்குத் தெரியும். சில்லறைக் கடைக்காரரே மொத்தமாக அள்ளிக்கொண்டு போய், மறுவாரம் சென்னை ரிச்சி தெருவிலோ விழுப்புரத்திலோ நம்மிடமே கூடுதல் விலைக்கு விற்பார். ஆன்லைன் தள்ளுபடி விலை தன்னுடைய டீலர் விலையைவிடக் குறைவு என்று கடைக்காரர்கள் புலம்புவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அவர்களை அங்கே வாங்கவிடாமல் தடுப்பது இந்த வரம்புதான். இந்த விற்பனை சொந்த உபயோகத்துக்கு, மறுவிற்பனைக்கு அல்ல என்று தளங்கள் விதிமுறையில் எழுதி வைத்திருப்பதும் இதற்காகத்தான்.

செஞ்சிக்காரர்களுக்கு அளந்து கொடுப்பதைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. செஞ்சிக் கோட்டையில், ராஜகிரி மலை அடிவாரத்தில் களஞ்சியக் கட்டடம் இன்னும் நிற்கிறது. சிவாஜியின் மகன் ராஜாராம் அடைக்கலம் புகுந்த பிறகு, 1690 முதல் 1698 வரை முகலாயப் படையின் முற்றுகையைத் தாங்கிய கோட்டை அது. வந்தவர்களுக்கெல்லாம் களஞ்சியத்தைத் திறந்துவிட்டிருந்தால் எட்டு ஆண்டு என்ன, எட்டு மாதம்கூடத் தாங்கியிருக்காது என்பது என் ஊகம்.   

கம்ப்யூட்டரில் 'ஆளுக்கு ஒன்று' என்பதை நம் மாநிலம் பெரிய அளவில் முன்பே பார்த்திருக்கிறது. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டம், அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் படித்த பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்றாகப் போய்ச் சேர்ந்தது. எல்காட் நிறுவனம் மொத்தமாகக் கொள்முதல் செய்தது. பல வீடுகளில் அதுதான் முதல் கம்ப்யூட்டர். இப்போது பயிலகத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் ஆசிரியைகளில் எத்தனை பேர் அந்த லேப்டாப்பில் முதன்முதலாக விசை தட்டியவர்களோ!

சரக்கு குறைவாக இருக்கும்போது என்ன ஆகும் என்பதற்கு வெளியூர்க் கதைகளும் இருக்கின்றன. 2020 செப்டம்பரில் என்விடியா நிறுவனத்தின் ஆர்.டி.எக்ஸ். 3080 கிராஃபிக்ஸ் கார்டு விற்பனைக்கு வந்த அன்று சில நிமிடங்களில் காலியானது. மனிதர் விரல் வைப்பதற்கு முன்பே 'பாட்' எனப்படும் தானியங்கி நிரல்கள் வாங்கிக் குவித்துவிட்டன. பிறகு அதே கார்டு ஏல இணையதளங்களில் கூடுதல் விலைக்கு வந்தது. நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. 2025 நவம்பரில் டோக்கியோவின் அகிஹாபரா கடைத்தெருவில் கதை வேறு. ரேம், எஸ்.எஸ்.டி., ஹார்டு டிஸ்க் ஆகியவற்றுக்கு ஒருவருக்கு இத்தனைதான் என்று கடைகள் பலகை வைத்தன. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால், வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வாங்க வருகிறவனுக்குச் சரக்கு இல்லை. அடுத்த மாதமே மைக்ரான் நிறுவனம், நாம் கடைகளில் பார்த்துப் பழகிய 'குருஷியல்' ரேம்களின் சில்லறை வியாபாரத்திலிருந்து விலகப்போவதாக அறிவித்தது. ரேம் விலை ஏன் இப்படி ஏறுகிறது என்று கேட்டு எழுதியவர்களுக்கும் இதுவே பதில்.

ஆகவே வரம்பு என்ற ஏற்பாட்டின்மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபம் வேறொன்றின்மேல். முழுப்பக்க விளம்பரத்தில் பாதி விலை என்று போட்டுவிட்டு, எத்தனை லேப்டாப் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விடுகிறார்களே, அதன்மேல்.

2014 அக்டோபர் 6 நினைவிருக்கிறதா? ஃபிளிப்கார்ட் முதன்முதலாக 'பிக் பில்லியன் டே' நடத்திய நாள். தளம் திணறியது, ஆர்டர்கள் ரத்தாயின, போட்ட பொருள் சற்று நேரத்தில் தீர்ந்தது. மறுநாளே நிறுவனர்கள் இருவரும் வாடிக்கையாளர்களுக்கு மன்னிப்புக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினார்கள். அதற்குப் பிறகு தளங்கள் தேறிவிட்டன. விளம்பரங்கள் தேறவில்லை.

சட்டம் இதைப் பற்றிப் பேசாமல் இல்லை. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, மலிவு விலை என்று விளம்பரம் செய்தால், அந்த விலையில் நியாயமான காலத்துக்கும் நியாயமான அளவுக்கும் பொருளைத் தரும் எண்ணம் இருக்கவேண்டும். இல்லையென்றால் அது முறையற்ற வணிகம். 2022 ஜூன் 9 அன்று வந்த தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதல்கள் தூண்டில் விளம்பரத்துக்கென்றே தனிப் பகுதி வைத்திருக்கின்றன. தேவைக்குக் குறைவாகத்தான் சரக்கு இருக்கும் என்று தெரிந்தால், இருப்பு குறைவு என்பதை விளம்பரத்திலேயே தெளிவாகச் சொல்லவேண்டும். 2023 நவம்பர் 30 அன்று அறிவிக்கப்பட்ட வழிகாட்டுதல்களோ, இன்னும் இரண்டே மீதம் என்று பொய்யாக அவசரப்படுத்தும் வித்தை உட்படப் பதின்மூன்று தந்திரங்களைப் பெயர் சொல்லித் தடுக்கின்றன. தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். மறுபடி செய்தால் ஐம்பது லட்சம் வரை.

அமெரிக்காவில் நவம்பர் மாத 'பிளாக் ஃப்ரைடே' விளம்பரங்களைப் பார்த்தால், விலைக்குக் கீழே ஒரு கடைக்குக் குறைந்தது இத்தனை என்று சில கடைகள் எண்ணைப் போட்டிருக்கும். விடியற்காலையில் குளிரில் நிற்கலாமா வேண்டாமா என்று ஆள் முடிவு செய்துகொள்ளலாம். நம்மூரில் 'நிபந்தனைக்கு உட்பட்டது' என்று எறும்பு அளவு எழுத்தில் ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான்.

சரி, பயிலக நண்பர் ஆறு லேப்டாப்பை எப்படித்தான் வாங்குவது? ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் தளங்களின் வணிகக் கணக்குப் பிரிவைப் பாருங்கள். மொத்தமாக வாங்குகிறவர்களுக்கென்றே அது தனியாக இருக்கிறது. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு இருபது லட்சத்துக்குள் இருந்தால் பதிவு கட்டாயமில்லை என்பதால் சிறு பயிலகங்கள் பலவற்றுக்கு அது இருக்காது. அவர்களுக்கு நான் சொல்வது பழைய வழி: விழுப்புரத்திலோ புதுச்சேரியிலோ திருவண்ணாமலையிலோ மூன்று டீலரிடம் எழுத்தில் கொட்டேஷன் வாங்குங்கள். ஆறு என்று சொல்லிக் கேட்கும்போது பலகையில் இருக்கும் விலை அசையும். ஆன்லைன் தள்ளுபடி விலையை எட்டாவிட்டாலும், கூடுதல் ரேம், பை, மவுஸ், ஓராண்டு வாரண்டி நீட்டிப்பு என்று ஏதாவது ஒன்று இறங்கி வரும். பயிலகத்துக்கே வந்து பழுது பார்த்துத் தருவார்களா, இல்லை நாம்தான் பஸ்ஸில் சுமந்துகொண்டு போகவேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பத்துப் பிள்ளைகள் மாறி மாறித் தட்டும் கீபோர்டுக்கு அது பெரிய விஷயம். அரசுப் பள்ளி, அரசு அலுவலகங்களுக்கு 2016-ல் தொடங்கிய 'ஜெம்' அரசுக் கொள்முதல் தளம் இருக்கிறது. அவர்கள் பண்டிகைத் தள்ளுபடிக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

என்னைக் கேட்டால், தட்டச்சுப் பயிற்சிக்கு லேப்டாப்பே எதற்கு? அதே பணத்துக்கு நல்ல கீபோர்டோடு மேசைக் கம்ப்யூட்டர் வாங்கலாம், கெட்டால் நம்மூரிலேயே பிரிக்கலாம்.

வீட்டுக்கு ஒன்று வாங்குகிறவர்களுக்கு எண்ணிக்கை வரம்பு இடைஞ்சலாக இருக்காது. அவர்களைப் பிடிக்கும் வரம்பு கார்டில் இருக்கிறது. 10 சதவீதம் தள்ளுபடி என்பது பெரிய எழுத்தில் இருக்கும். அதிகபட்சம் இத்தனை ரூபாய் என்பது சிறிய எழுத்தில் இருக்கும். உதாரணத்துக்கு அந்த உச்சம் 1,500 ரூபாய் என்றால், 50,000 ரூபாய் லேப்டாப்புக்கு உங்களுக்குக் கிடைப்பது வெறும் 3 சதவீதம். ஒரு கார்டுக்கு ஒருமுறைதானா, தவணைக்கு மட்டும்தானா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வட்டியில்லாத் தவணை என்பதிலும் வங்கி வட்டி போடத்தான் செய்கிறது. அந்த அளவுக்கு விலையில் கழித்துவிடுகிறார்கள். ஆனால் வட்டியின்மேல் வரும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் நடைமுறைக் கட்டணமும் நம் தலையில்தான். விலையைப் பார்ப்பதற்கு முன் மாடல் எண்ணைக் கடைசி எழுத்து வரை படியுங்கள். ஒரே பெயரில் வரும் இரண்டு லேப்டாப்புகளில் ஒன்றில் ரேம் கூட்ட இடம் இருக்கும், இன்னொன்றில் பலகையோடு பற்றவைத்திருப்பார்கள்.

ஏமாற்றம் நேர்ந்தால் விளம்பரம், ஆர்டர் போட்ட திரை, ரத்துச் செய்தி மூன்றையும் படமெடுத்து வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. தொழிலுக்கு வாங்கியதாயிற்றே என்று தயங்கவேண்டாம். தன் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவர் அதற்காக வாங்குவதைச் சட்டம் நுகர்வோர் கணக்கில்தான் சேர்க்கிறது.

கடை நடத்தும் நம் வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆளுக்கு ஒன்று என்று வையுங்கள், தவறில்லை. அதை விலைக்குப் பக்கத்திலேயே, விலையைப் போட்ட அதே அளவு எழுத்தில் போடுங்கள். கையில் எத்தனை இருக்கிறது என்பதையும் சேர்த்துப் போடுங்கள். மற்றவர்கள், இந்தப் பண்டிகைக் காலத்தில் உங்கள் ஊர்க் கம்ப்யூட்டர் கடைகள் கொடுக்கும் விளம்பரங்களில் இருப்பு எண்ணிக்கையைச் சொல்லும் விளம்பரம் ஒன்று கண்ணில் பட்டாலும் வெட்டி எங்களுக்கு அனுப்புங்கள். அந்தக் கடையின் பெயரை இந்தப் பக்கத்திலேயே மகிழ்ச்சியோடு வெளியிடுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்