அளந்து இடுவோம் பசளையை

யாழ். குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. மாரி மழை சுண்ணாம்புக் கற்பாறைகளுக்கூடாக இறங்கித் தேங்கும் நிலத்தடி நீரே எமது பிரதான ஆதாரமாகும். கரவெட்டி முதலான வடமராட்சிக் கிராமங்களில் வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் கிணற்று நீரை நம்பியே விளைகின்றன. பயிர் உறிஞ்சியது போக எஞ்சும் பசளையின் நைத்திரேற்று, அதே பாறை வெடிப்புகளின் வழியே அதே கிணறுகளைச் சென்றடைகின்றது.

குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அளவு மிஞ்சினால், கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைக் காவும் ஆற்றலை இழக்கக்கூடும். நிறமும் மணமும் அற்ற இதனைக் கண்ணால் அறிய முடியாது. கொதிக்க வைத்தாலும் நீங்காது. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் இவ்வெல்லை மீறப்பட்டுள்ளதை ஆய்வாளர்கள் பல தசாப்தங்களாகச் சுட்டிக்காட்டி வந்துள்ளனர். ஆயினும், தமது கிணற்றின் நிலையை அறிந்த கமக்காரர் எத்தனை பேர்?

ஆய்வுகூடத்துக்குச் செல்ல நேரமும் பணமும் இல்லாதவரிடமும் இன்று கைத்தொலைபேசி உண்டு. நீரில் தோய்த்த சோதனைத் தாள் நைத்திரேற்றின் அளவுக்கேற்ப நிறம் மாறும். அந்நிறத்தைத் தொலைபேசியின் கமரா மூலம் அளவிடும் செயலியை நெதர்லாந்தின் டெல்டாரெஸ் நிறுவனம் உருவாக்கியுள்ளது. பயிர் நிலத்தை எவ்வளவு மூடியுள்ளது என்பதைப் படத்திலிருந்து கணிக்கும் கனோப்பியோ செயலி, அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆக்கமாகும். தொலைபேசியின் சாய்வு உணரி வாய்க்காலின் சரிவைக் காட்ட வல்லது.

எனினும், திரையில் தோன்றும் இலக்கமெல்லாம் உண்மையாகிவிடாது. வெயிலுக்கும் நிழலுக்கும் ஏற்பக் கமராவின் நிறம் வேறுபடும். ஒப்பீட்டு நிற அட்டையை அருகில் வைத்தே படமெடுத்தல் வேண்டும். சில மீற்றர் பிசகக்கூடிய செய்மதி இடங்காட்டியைக் கொண்டு இரண்டு, மூன்று பரப்புக் காணியை அளந்து அதற்கேற்பப் பசளை கணக்கிடுவது பொருந்தாது. நீரின் உவர்த்தன்மையைத் தொலைபேசி தானாக அறியாது. அதற்குத் தனியான மானி வேண்டும்.

ஆகவே, விவசாயத் திணைக்களமும் யாழ். பல்கலைக்கழக விவசாய பீடமும் இச்செயலிகளின் பெறுபேறுகளை எமது கிணற்று நீரிலும் மண்ணிலும் ஆய்வுகூட அளவீடுகளுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். கமநல சேவை நிலையங்கள் சோதனைத் தாள்களை மலிவாக வழங்குவதுடன், தமிழில் விளக்கமும் அளித்தல் அவசியம். பெறப்படும் அளவுகள் கமக்காரரைத் தண்டிப்பதற்கன்றி, அவருக்கு வழிகாட்டுவதற்கே பயன்பட வேண்டும்.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரேயடியாகத் தடை செய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை தளர்த்தப்பட்டது. எந்த நிலத்துக்கு எவ்வளவு தேவை என்பதை அளந்தறியாது எடுக்கப்பட்ட முடிவுக்குக் கமக்காரரே விலை கொடுத்தனர். அளவின்றி இடுவதும் அளவறியாது தடுப்பதும் ஒரே தவறின் இரு முகங்களே. அளந்து இடும் பழக்கம் வேரூன்றினால் கமக்காரரின் செலவும் குறையும்; அடுத்த தலைமுறையின் கிணறும் காக்கப்படும்.