இரும்பும் களைத்துப் போகும்!

கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திர சோழன் எழுப்பிய விமானம் ஆயிரம் ஆண்டுகளாக நிற்கிறது. அத்தனை பாரத்தைச் சுமந்தும் அடிக்கல் நசுங்கவில்லை. ஆனால், அரியலூர் சிமெண்ட் லாரியின் ஸ்பிரிங் பட்டை சில ஆண்டுகளில் 'படார்' என்று முறிகிறதே, ஏன்?

"நேற்று இதைவிட அதிக மூட்டை ஏற்றினேனே!" என்று டிரைவர் தலையில் கை வைத்துக் கொள்வார்.

கோயிலின் பாரம் அசையாத பாரம். லாரியின் பாரம் ஆடும் பாரம். ஒவ்வொரு பள்ளத்திலும் பட்டை வளைந்து நிமிர்கிறது. இப்படி லட்சக்கணக்கான தடவை! கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்தால் ஒடிகிறது அல்லவா? ஏறக்குறைய அதே கதைதான்.

அச்சு முறிந்தது

1842-ல் பிரான்சில் வெர்சேல்ஸ் ரயில் என்ஜினின் அச்சு முறிந்தது. 50 பேருக்கு மேல் மாண்டார்கள். முறிந்த இரும்பு கற்கண்டு போல் மின்னுவதைக் கண்டு, 'ஓடி ஓடி இரும்பு பளிங்காகிவிட்டது' என்று அக்காலத்தில் நம்பினார்கள். அது தவறு. இரும்பு எப்போதுமே பொடி மணிகள் சேர்ந்ததுதான். பிறகு ஜெர்மன் ரயில்வே எஞ்சினியர் வோலர் அச்சுகளைப் பல ஆண்டுகள் சோதித்தார். ஒரே தடவையில் முறிக்க முடியாத பாரம், பல தடவை விழுந்தால் முறித்துவிடும் என்று காட்டினார்.

நல்ல அடி, கெட்ட அடி

மணிகள் பொடியாக இருந்தால் விரிசல் எளிதில் தொடங்காது. பட்டையைக் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, மறுபடி குறைந்த சூட்டில் பதப்படுத்துகிறார்கள். பிறகு எஃகு ரவைகளை அதன்மேல் வேகமாக அடிக்கிறார்கள். அந்த அடியில் மேல்தோல் இறுகுகிறது. விரிசல் வாய் திறக்க முடிவதில்லை. இது நல்ல அடி!

தளர்ந்த பட்டையை உலையில் காய்ச்சி, சம்மட்டியால் வளைத்து மாட்டுவது வேறு. பார்வைக்குப் புதிது. உள்ளே பதம் போய்விடும். மேல்தோலின் கரிச்சத்தும் எரிந்துவிடும். சம்மட்டித் தழும்பில் விரிசல் பிறக்கும். செலவு மிச்சம் என்று இதைச் செய்கிறார்கள். சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும் அதே ரோட்டில்தானே போகிறார்கள்?

முறிந்த துண்டைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு பகுதி வழவழப்பாக, துருவேறி இருக்கும். அது முன்பே விட்ட விரிசல். கரடுமுரடாக மின்னும் பகுதிதான் இன்று முறிந்தது.

முன்கூட்டியே கண்டுபிடிக்க ரயில்வே பட்டறைகளில் ஒரு பழைய முறை உண்டு. எண்ணெய் தடவி, சற்று ஊறவிட்டு, சுத்தமாகத் துடைத்து, மேலே சுண்ணாம்பு பூசுவார்கள். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து, வெள்ளையில் கறுப்புக் கோடாகத் தெரியும்.